மன்றோவின் கடிதங்களும் நம் வீட்டுக் கணக்கு நோட்டுகளும்

(கோவைக் கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னை அண்ணா சாலையில் தீவுத்திடலை ஒட்டி, அங்கவடி இல்லாத குதிரையில் அமர்ந்திருக்கும் சிலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மந்திராலயம் போய் வந்தவர்கள், ராகவேந்திரர் காட்சி கொடுத்த வெள்ளைக்காரத் துரை என்று அவர் பெயரைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாமஸ் மன்றோ. 1761இல் கிளாஸ்கோவில் பிறந்து, 1780இல் கம்பெனிப் படையில் கேடட்டாகச் சென்னைக்கு வந்து, 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். சிலையைப் பற்றியோ தரிசனத்தைப் பற்றியோ நான் பேச வரவில்லை. அவர் தன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றியும், அந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டு நாம் நம்மைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளலாம், என்ன தெரிந்துகொள்ள முடியாது என்பதைப் பற்றியுமே பேச வந்தேன்.

மன்றோ இந்தியாவுக்கு வந்ததற்குக் காரணம் அமெரிக்கா. அவருடைய தந்தை அலெக்சாண்டர் மன்றோ, வர்ஜீனியாவிலிருந்து புகையிலை வரவழைத்து விற்ற கிளாஸ்கோ வணிகர். கிளாஸ்கோ அந்நாளில் புகையிலையால் செழித்த ஊர். 1775இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கில அரசை எதிர்த்துப் போர் தொடங்கியதும் கப்பல்கள் நின்றன, கடன்கள் வராமல் போயின, குடும்பம் நொடித்தது. பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் புறப்பட்டார்கள். அப்படித்தான் பதினெட்டு வயதுத் தாமஸ் கடலேறினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தந்தைக்குப் பணம் அனுப்பிய செய்தி கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தியாவுக்குப் போனவர்கள் பட்டு மெத்தையில் புரளுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த தன் சகோதரி எர்ஸ்கினுக்கு, பசியும் தாகமும் களைப்பும் வறுமையும் என்னவென்று இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன் என்ற கருத்தில் ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதில் தன் அறையில் இருந்த சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒரு படைவீரனின் ஏழ்மையை அவ்வளவு நேராகச் சொன்ன எழுத்து அந்தக் காலத்தில் அரிது.

அதே போர் நம் ஊரையும் தொட்டது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ், 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். திப்பு சுல்தானுக்கு எதிரான மூன்றாம் மைசூர்ப் போரின் தொடக்கத்தில், 1790 ஜூலையில் கோயம்புத்தூர்க் கோட்டையைப் பிடித்தவர் ஜெனரல் மெடோஸ். அவரும் அமெரிக்கப் போரில் சண்டையிட்டவர். மறு ஆண்டு லெப்டினன்ட் சால்மர்ஸ் சிறு படையோடு இந்தக் கோட்டையைப் பல மாதம் காத்து, 1791 நவம்பரில் திப்புவின் தளபதி கமருத்தீன் கானிடம் ஒப்படைத்தார். சீரங்கப்பட்டணத்துச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்ட அவரையே, பிறகு சமாதானப் பேச்சுக்கு ஓலை கொடுத்துக் காரன்வாலிஸிடம் அனுப்பினார் திப்பு. இன்று கோட்டைமேடு என்று பேருந்தில் சீட்டு வாங்கி இறங்குகிறோமே, அந்த இடத்தின் கதை இது.

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் கம்பெனிக்கு வந்தது. பாராமகால் என்று அதற்குப் பெயர். சிவிலியன் அதிகாரிகள் நாட்டு மொழி அறியாதவர்களாக இருந்ததால், காரன்வாலிஸ் நிலவரி நிர்வாகத்தைப் படை அதிகாரிகளிடம் கொடுத்தார். தலைவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே மூன்று பேர்: கிரேயம், மக்ளவுட், மன்றோ. வடக்கே கிரேயம், நடுவில் தருமபுரியை வைத்துக்கொண்டு மன்றோ, தெற்கே சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று நம் கொங்குப் பகுதி மக்ளவுடுக்கு. 1799இல் திப்பு வீழ்ந்து கோயம்புத்தூர்ச் சீமையும் கம்பெனிக்கு வந்தபோது, அதே மக்ளவுட்தான் இங்கே வந்து வரி விதித்தார். பாராமகாலில் கற்றுக்கொண்ட பாடத்தைத்தான் கோயம்புத்தூரில் நடத்தினார்கள்.

அந்தப் பாடம் என்ன? வாள் பிடித்த கை, சங்கிலி பிடித்து நிலத்தை அளந்தது. ஊர் ஊராகப் போய், அங்கங்கே கூடாரம் அடித்து, மணியக்காரரையும் கணக்குப்பிள்ளையையும் குடியானவர்களையும் உட்காரவைத்து, இந்தக் காடு யாருடையது, என்ன விளைந்தது, கிணறு உண்டா, எத்தனை ஏர் என்று கேட்டு எழுதிய பாடம். 1796இல் ரீட் வெளியிட்ட அறிவிப்பில், குடியானவர் ஒருவர் தான் விரும்பும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம், முடியாததை விட்டுவிடலாம் என்ற ஏற்பாடு வந்தது. பாளையக்காரரோ ஜமீன்தாரோ நடுவில் இல்லாமல், அரசு நேரே குடியானவரிடம் வரி வாங்கும் ரயத்துவாரி முறை இப்படி உருவானது. இன்று தாலுகா அலுவலகத்தில் நீங்கள் வரிசையில் நின்று வாங்கும் பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் அடங்கலுக்கும், ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்திக்கும் வேர் அங்கே இருக்கிறது. இந்தப் பாராமகால் ஆவணங்கள் சேலம் கலெக்டர் அலுவலகத்தில் கிடந்து, 1907 முதல் சென்னை அரசு அச்சகத்தில் பகுதி பகுதியாக அச்சாயின. கொங்கு வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்தத் தொகுதிகளைத் தொடாமல் ஆய்வேடு எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அரசு ஆவணம் வேறு, சொந்தக் கடிதம் வேறு. ஆவணத்தில் மன்றோ அதிகாரி. கடிதத்தில் ஒரு தோட்டக்காரர். தருமபுரியில் ஏழு ஆண்டு இருந்தபோது அவர் ஒரு தோட்டம் போட்டார். மரம் வைத்தார். 1799இல் கனராவுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போதும் போன பிறகும் அவர் எழுதியவற்றைப் படித்தால், பதவி உயர்வின் மகிழ்ச்சியைவிட அந்தத் தோட்டத்தை விட்டுவந்த ஏக்கமே மேலோங்கி இருக்கிறது. தான் நட்டு வளர்த்த மரத்தை விட்டுப் பிரிவது எப்படி இருக்கும் என்று நம் பக்கத்தில் தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கும் கோவைக்கும் குடிவந்தவர்களைக் கேட்டால் தெரியும். வரி நிர்ணயத்தில் கிணற்றுப் பாசன நிலத்துக்கு அவர் காட்டிய கரிசனம் வெறும் அலுவலகச் சிந்தனை அல்ல என்று நான் நம்புவது இதனால்தான். 1807இல் ராயலசீமைப் பகுதிக்கு அவர் எழுதிய அறிக்கையில், எல்லா நிலத்துக்கும் நூற்றுக்கு 25 வரி குறைக்க வேண்டும், கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சும் நிலத்துக்கு நூற்றுக்கு 33 குறைக்க வேண்டும் என்று கேட்டார். இறைப்பவன் படும் பாடு என்னவென்று பார்த்தவர் கேட்ட கணக்கு அது. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்டிய பரம்பரையில் வந்த நமக்கு அதன் அருமை புரியும். அன்றைக்கு அவர் கேட்டபடி அது உடனே நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் கோயம்புத்தூருக்கு வந்த காரணமும் புகையிலைதான். தந்தையைக் கெடுத்த அதே புகையிலை. 1816இல் இந்த மாவட்டத்தின் கருவூலத்தில் பொறுப்பிலிருந்த காசிச் செட்டி என்பவர், முந்தைய கலெக்டர் காரோவின் நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டு, வரிப்பணத்திலும் புகையிலை வாணிபத்திலும் பெரும் மோசடி செய்தார் என்ற புகார் எழுந்தது. கம்பெனி அப்போது கோயம்புத்தூர், மலபார், கனராப் பகுதிகளில் புகையிலையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. விளைவித்தவன் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும். இடையில் நின்றவர்கள் அவன் வயிற்றில் அடித்தார்கள். மன்றோவும், பிற்காலத்தில் உதகையை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனும் சேர்ந்து விசாரித்தார்கள். அந்த விசாரணை எழுத்துகளைப் படித்தால், ஒரு மாவட்டம் முழுவதும் பயத்தால் வாய்மூடி இருந்ததை உணரலாம். அரசு ஏகபோகம் வைத்தால் அதன் பலன் யாருக்குப் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நம் மாவட்டச் சரித்திரத்தில் இல்லை.

பத்து ஆண்டு கழித்து, 1826இல், ஆளுநராக அவர் நீலகிரிக்கு வந்தார். மனைவி ஜேன், உடல்நலம் குன்றிய மகனோடு தாய்நாட்டுக்குப் போயிருந்த சமயம். உதகைக் குளிரைப் பற்றியும் மலைகளைப் பற்றியும் அவருக்கு எழுதினார். மறு ஆண்டு 1827 ஜூலை 6ஆம் நாள் பத்திக்கொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். 1830இல் கிளீக் என்பவர் இந்தக் கடிதங்களைக் கொண்டு அவருடைய வரலாற்றை நூலாக வெளியிட்டார். மூலத் தாள்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் தனித் தொகுப்பாக இருக்கின்றன. இவையெல்லாம் எப்படி மிஞ்சின? கிளாஸ்கோவில் ஒரு குடும்பம் மகன் எழுதிய கடிதங்களைத் தூக்கி எறியவில்லை. அவ்வளவுதான்.

காகிதம் மிஞ்சுவதும் அழிவதும் குடும்பத்தாரின் கையில் இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவிலேயே பெரிய உதாரணம் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் முதலில் நிலம் அளப்பவர், பிறகு படைத்தலைவர், கடைசிவரை விவசாயி. தன் பண்ணையான மவுண்ட் வெர்னனில் புகையிலை மண்ணைச் சுரண்டுகிறது என்று கண்டு 1760களில் கோதுமைக்கு மாறியவர். எந்த வயலில் என்ன விதைத்தோம், எந்த எரு போட்டோம், மழை எப்போது பெய்தது என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே வந்தார். 1799 டிசம்பர் 14இல் இறந்தார். 13ஆம் தேதி கூட வெப்பமானி காட்டிய அளவைக் குறித்திருக்கிறார். அவருடைய தாள்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஏறத்தாழ 77,000. ஆனால் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களில் மிகச் சிலவே மிச்சம். மற்றதை மார்த்தா வாஷிங்டனே எரித்துவிட்டார். தாள்களைப் பதிப்பிக்க வாங்கிய ஜேரட் ஸ்பார்க்ஸ், வாஷிங்டனின் கையெழுத்து வேண்டுமென்று கேட்டவர்களுக்கெல்லாம் பக்கங்களைக் கத்தரித்துக் கொடுத்தார். முதல் பதவியேற்பு உரையின் வரைவே துண்டுதுண்டாகப் போய்விட்டது. படித்தவர் செய்த வேலை அது! மனம் பொறுக்கவில்லை.

அந்தத் தாள்களில் இன்னொன்றும் இருக்கிறது. இறந்த ஆண்டில் வாஷிங்டன் தன் பண்ணைகளில் இருந்த அடிமை மக்களின் பட்டியலைத் தன் கையால் எழுதினார். 317 பேர். பெயரும் வேலையும் குடும்பமும் அதில் இருக்கின்றன. அந்த மக்கள் தங்களைப் பற்றி எழுதி வைக்க வாய்ப்பில்லை. எசமானனின் கணக்கில்தான் அவர்கள் பெயர் நமக்குக் கிடைக்கிறது.

மன்றோவின் கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவதும் இதுதான். கூடாரத்தின் முன்னால் நாள் முழுதும் நின்ற குடியானவர் என்ன நினைத்தார்? பேச்சுக்குப் பேச்சு அவரைப் பற்றியே பேசுகிற அதிகாரியின் எழுத்தில் அவர் குரல் வடிகட்டித்தான் வருகிறது. மன்றோ நல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் வகுத்த முறை, அவருக்குப் பின் வந்தவர்கள் கையில் எப்படி நடந்தது என்பதற்கு 1855இல் வெளியான சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை சாட்சி. வரி கட்ட முடியாத குடியானவர்களை வெயிலில் நிறுத்தியதும் குனியவைத்துக் கட்டியதும் அதில் பதிவாகியுள்ளன. கடிதங்களை மட்டும் படித்தவன் ரயத்துவாரியைப் பாராட்டுவான். அறிக்கையை மட்டும் படித்தவன் ஏசுவான். இரண்டையும் படிக்க வேண்டும். இரண்டிலும் இல்லாத மூன்றாவது காகிதம் ஒன்று இருக்கிறது. அது குடியானவரின் வீட்டில் இருந்தது.

இருந்தது என்கிறேன். படை அதிகாரிகளில் காலின் மெக்கன்சி ஒருவருக்குத்தான் அதன் அருமை தெரிந்தது. 1783இலேயே படையோடு இந்தப் பக்கம் வந்தவர் அவர். காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா போன்ற உதவியாளர்களைக் கொண்டு ஊர் வரலாறுகளான கைபீதுகளையும் சுவடிகளையும் சேர்த்தார். 1821இல் அவர் இறந்ததும் கம்பெனி ஒரு லட்ச ரூபாய் கொடுத்து அவற்றை வாங்கியது. கொங்குதேச ராஜாக்கள் என்ற சுவடி நமக்குக் கிடைத்தது அந்தத் தொகுப்பில்தான். சேர்த்தவர் பெயர் நிற்கிறது. அலைந்து திரிந்து எழுதிக்கொண்டு வந்தவர்களின் பெயர் பொதுமக்களுக்குத் தெரியவில்லை. அது சரியல்ல.

அமெரிக்க விவசாயிகளே கோயம்புத்தூருக்கு வந்த ஒரு காலமும் உண்டு. கேப்டன் பேல்ஸ் என்ற படை அதிகாரியை அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கு அனுப்பிப் பருத்தித் தோட்டக்காரர் பத்துப் பேரைக் கம்பெனி அழைத்து வந்தது. 1840இல் அவர்கள் இந்தியா வந்தார்கள். சென்னை மாகாணத்துக்கு வந்தவர்கள் நம் மாவட்டத்திலும் சோதனைப் பண்ணை நடத்தினார்கள். 1842 முதல் அந்த வேலையை மேற்பார்வை செய்தவர் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட். அமெரிக்கப் பருத்தியை நம் கரிசலில் ஊன்றவைக்கப் பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டு 1853இல் பண்ணைகள் மூடப்பட்டன. அந்த அனுபவங்களை 1862இல் டால்பாய்ஸ் வீலர் நூலாகத் தொகுத்தார். அதில் அமெரிக்கர் சொன்னது இருக்கிறது, வைட் சொன்னது இருக்கிறது. பக்கத்துக் காட்டில் நாட்டுப் பருத்தி போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்த நம் பண்ணாடி சொன்னது இல்லை.

நம்மவர் எழுதவே இல்லையா? எழுதினார்கள். காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் அப்படிப்பட்ட கணக்கு நோட்டு ஒன்றைப் பார்த்தேன். நீளவாக்கில் மடித்துத் தைத்த தடித்த தாள், சிவப்புத் துணி அட்டை, விளிம்பில் எலி கடித்திருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே சுபானு வருடம் என்று இருந்தது. 1943. உள்ளே சால் தைக்கத் தோல், வடக்கயிறு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கண்ணபுரம் தேருக்குப் போய்வந்த வண்டிச் செலவு, அங்கே பிடித்த காளை ஒரு ஜோடி, ஆட்களுக்கு அளந்த கம்பு எத்தனை வள்ளம். ஒரு பக்கத்தில் மட்டும் கணக்கு இல்லை. கிணறு வெட்டும்போது எத்தனையாவது முழத்தில் பாறை வந்தது, எந்த மூலையில் ஊற்று கண்டது என்று நான்கு வரி. இன்று ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டும் புழுதி வருகிற அதே காட்டில், அன்று தண்ணீர் எங்கே நின்றது என்பதைச் சொல்ல அந்த நான்கு வரியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. நிலத்தடி நீர் ஆராய்கிற பொறியியல் மாணவருக்கு அது பொக்கிஷம். கூலி வரலாறு எழுதுகிறவருக்கு, ஆட்களின் பெயரும் அளந்த தானியமும் பொக்கிஷம். அந்த ஆட்களின் பேரப்பிள்ளைகளுக்கு, தங்கள் முன்னோர் பெயர் எழுதப்பட்டிருக்கும் ஒரே தாள் அதுவாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட நோட்டுகளோடு பட்டாளத்துக்குப் போனவர்களின் கடிதங்களும் நம் வீடுகளில் உண்டு. முள்வேலி கட்டிய கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தை விட்டுப் புறப்பட்டு, பட்டாளத்தில் சேர்ந்து, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வந்து மறுபடி பண்ணையம் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் முகாமிலிருந்து ஊருக்கு எழுதிய இன்லேண்டு கடிதங்களில் பாதி, மழை பெய்ததா, எருமை ஈன்றதா, பருத்தி என்ன விலை என்ற கேள்விகளாகவே இருக்கும். படையும் பண்ணையும் ஒரே ஆளுக்குள் இருந்ததற்கு வர்ஜீனியாவுக்கோ கிளாஸ்கோவுக்கோ போகத் தேவையில்லை.

ஆனால் இவையெல்லாம் எங்கே போகின்றன? வீடு இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர்க்காரரிடம் கிலோக் கணக்கில் போகின்றன. பாகப்பிரிவினை முடிந்ததும் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் கொட்டுகிறோம். ஓலைச்சுவடி என்றால் சோதிடம், வைத்தியம் என்று நினைத்துத் தொட்டுக் கும்பிடுகிறோம். அதே ஓலையில் நிலக்கணக்கு இருந்தால் பயனில்லை என்று விடுகிறோம். பணம் உள்ள மாவட்டம் இது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கோடிக்கணக்கில் செலவு செய்கிற மாவட்டம். ஊருக்கு ஒரு பழந்தாள் அறை வைக்க நமக்கு வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மனம் இல்லை என்பதே உண்மை.

மாணவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பழைய தாளுக்கு லாமினேஷன் போடாதீர்கள். அது தாளைக் கொல்லும். செலோடேப் ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிட்டு, சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஓலைகளைத் தூய்மை செய்து எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவும் முறையை அறிந்தவர்கள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. மூலத்தைக் கொடுக்க மனமில்லையென்றால் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாக நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, ஊர், குடும்பம், ஆண்டு மூன்றையும் எழுதிச் சேர்த்து வையுங்கள். இந்த மூன்றும் இல்லாத தாள் பெற்றோர் பெயர் தெரியாத பிள்ளை மாதிரி. ஆட்களின் கூலியும் கடனும் உள்ள பக்கங்களைக் குடும்ப மானம் கருதிக் கிழித்துவிடாதீர்கள் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் தை முதல் நாளுக்கு முந்திய நாள், காப்புக்கட்டுக்கு வீட்டை ஒழித்து வெள்ளையடிப்பீர்கள். அப்பாரு வீட்டிலும் அப்புச்சி வீட்டிலும் பரணிலிருந்து மூட்டைகள் இறங்கும். போகித் தீயில் போடுமுன் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பாருங்கள். எழுத்து இருக்கும் தாள் எதையும் எரிக்காதீர்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் உயிரோடு இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது யார் கையெழுத்து, இந்தக் கணக்கு எந்தக் காட்டுக்கு, இந்தப் பெயர் யாருடையது என்று கேட்டு, அன்றைக்கே எழுதிவிடுங்கள்.